உப்புக் காற்றும் ஏசி ஃபில்டரும்: ராமநாதபுரம் கடற்கரையில் சில வருட அனுபவம்

வண்டி ஹூண்டாய் க்ரெட்டா, டீசல். குடியிருப்பது உச்சிப்புளிப் பக்கம். வேலையோ கடற்கரையோரமாகவே சுற்றுவது. இன்று தொண்டி என்றால் நாளை கீழக்கரை, மறுநாள் சாயல்குடி. மண்டபமும் பாம்பனும் வாரம் தவறாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தனுஷ்கோடி கட்டாயம். அதனால் இந்த மாவட்டத்தில் இந்த வண்டியின் ஏசி ஃபில்டர் பார்க்காத மண் இல்லை. கம்பெனி ஃபில்டர், வெளி பிராண்டில் சாதா ஃபில்டர், கார்பன் ஃபில்டர், அட்டையில் ‘பிஎம் 2.5’ என்று பெரிதாக அச்சடித்து வரும் தடிமனான ஃபில்டர் என நாலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. எந்த பிராண்ட் என்பது இங்கே இரண்டாம் பட்சம். எந்த மாதத்தில் மாற்றுகிறோம், மாற்றியது இடைவெளி விடாமல் உட்கார்ந்திருக்கிறதா, இந்த இரண்டும்தான் வித்தியாசம் காட்டுகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பானட்டைத் திறந்தால் பெரிய கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது இன்ஜின் ஏர் ஃபில்டர். நான் சொல்வது அதுவல்ல. டேஷ்போர்டுக்குள் இருந்துகொண்டு நாம் மூச்சுவிடும் காற்றை வடிகட்டுவது. இதை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கூடுவது ஏசி வரும் வேகமும், கண்ணாடியில் படியும் பனி விலகும் வேகமும்தான்.

ஃபில்டர் போதும் போதும் என்று ஆகிவிட்டதை வண்டியே காட்டிக்கொடுக்கும். நாலாம் நம்பரில் புளோயர் கத்தும், காற்று மட்டும் இரண்டாம் நம்பர் அளவுக்குத்தான் வரும். காலையில் வண்டியை எடுத்து ஏசி போட்ட முதல் நிமிடம் ஈரச்சாக்கு வாடை அடிக்கும். மழை நாளில் முன் கண்ணாடி தெளிய நேரமாகும். பலரும் இந்தக் கட்டத்தில் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து ஏசி மெக்கானிக்கிடம் போகிறார்கள். காற்று குறைவாகப் போனால் உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் பனி கட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு; அப்போது கூலிங் சுத்தமாகவே நின்றுபோகும். கேஸ் பார்க்கச் சொல்லும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காசு மிச்சம்.

இந்தக் கடற்கரையில் ஃபில்டர் கெடுகிற விதமே வேறு. மதுரையில் ஓடும் வண்டியில் சாம்பல் நிறத் தூசி அடையும், தட்டினால் பாதி கொட்டிவிடும். இங்கே கழற்றிய ஃபில்டரை ஒரு பழைய பேப்பரில் தட்டிப் பாருங்கள். மணல் கொட்டும், சவுக்கு இலை நாலைந்து விழும், ஈசல் இறக்கை விழும். மடிப்பின் அடியில் வெளுப்பாக ஒரு படலம் மட்டும் என்ன தட்டினாலும் போகாது. அதுதான் உப்பு. காலையில் கழற்றினால் அந்த இடம் விரலில் பிசுபிசுக்கும். அதையே மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் அப்பளம் போல மொறமொறத்துப் போகும்.

காரணம் எளிமையானது. சாப்பாட்டு உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடப் பேராசை பிடித்தது. ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே போதும் அதற்கு. நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, வண்டி நிற்கும்போதும் ஃபில்டர் சும்மா இருப்பதில்லை. ராத்திரி நனைகிறது, பகலில் காய்கிறது, அந்த ஈரத்தில் தூசி சேறாகி மடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஈரச்சாக்கு வாடைக்கு அடிப்படையும் இதுதான். வண்டி ஓடவே இல்லையே, ஃபில்டர் புதுசாகத்தானே இருக்கும் என்கிற கணக்கு அதனால்தான் இங்கே எடுபடாது.

பொதுவாக 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொல்வார்கள். தூசி அதிகம் என்றால் இன்னும் சீக்கிரம். நான் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், காற்றைப் பார்த்து மாற்றுகிறேன். மீன்பிடிக்கிறவர்கள் தென்கடல், வடகடல் என்று பிரித்துச் சொல்வது எல்லாருக்கும் தெரியும். மன்னார் வளைகுடா தென்கடல், பாக் நீரிணைப் பக்கம் வடகடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் போனால் கண்ணாடியில் உப்புப் படலம். வாடைக் காற்று தொடங்கியதும் அதே வேலையை வடகடல் ஏற்றுக்கொள்ளும். தேவிபட்டினம், தொண்டிச் சாலையில் அதே படலம். வருடம் முழுக்க உப்பு வருகிறது, வரும் திசை மட்டும்தான் மாறுகிறது.

மணல் அப்படி இல்லை, அதற்கு ஒரு காலம் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் மணலுக்கு என்ன கேடு? 2017-ல் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறந்ததிலிருந்து நாமே வண்டியில் நுனி வரை போய்விடுகிறோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை மேலேயே மணல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஃபில்டர் இந்த மணலை வாங்கிவிட்டுப் புரட்டாசிக்கு வரும்போது மூச்சுத் திணறிக்கொண்டு இருக்கும். அந்த நிலையில் ஐப்பசி மழையில் நனைந்தால் கதை முடிந்தது. அதனால் ஒரு மாற்று புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன். இன்னொன்று பங்குனியில், கோடை ஏசிக்கு முன். வருடத்துக்கு இரண்டு. இப்படி மாற்ற ஆரம்பித்த பிறகு அந்த வாடை எட்டிப் பார்க்கவில்லை.

இனி எந்த ஃபில்டர் என்று பார்ப்போம். கம்பெனி ஃபில்டருக்கும் நல்ல வெளி பிராண்ட் சாதா ஃபில்டருக்கும் மணல், தூசி விஷயத்தில் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. கம்பெனி ஃபில்டரில் சட்டம் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, ஓரத்தில் இருக்கும் பஞ்சுப் பட்டை நன்றாக ஒட்டியிருக்கிறது. அது கடைசி வரை நெளியாமல் நிற்பதால் அதற்கு என் ஓட்டு.

கார்பன் ஃபில்டர் பற்றிக் கடைக்காரர் ஒருவர் சொன்னது: “அண்ணே, கார்பன் போட்டுக்கங்க, ஏசி சும்மா சில்லுன்னு ஊதும்.” சில்லென்பதற்கும் கார்பனுக்கும் தொடர்பில்லை. இரண்டு துணி அடுக்குக்கு நடுவில் செயலூட்டிய கரித்தூள் வைத்திருப்பார்கள். அதன் நுண்ணிய துளைகளில் வாயுவும் வாடையும் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. லாரிப் புகை வாடைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி சாலையில் சாயங்காலம் சீமைக்கருவேலக் கரிமூட்டப் புகை இறங்கும் நேரத்தில் சாதா ஃபில்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மூக்குக்கே தெரியும். கருவாடு காயும் இடத்தைத் தாண்டும்போது வாடை மட்டுப்படுகிறது, போவதில்லை. மீன் வாடைக்குக் காரணமான அமீன் வாயுக்களைச் சாதாரணக் கரி அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. தவிர, ஈரக்காற்றில் அந்தத் துளைகளில் தண்ணீர் ஆவியும் இடம் பிடித்துக்கொள்கிறது. வாங்கிய புதிதில் இருந்த சுகம் சில மாதத்தில் தேய்ந்துவிடுவதற்கு என் கணிப்பில் இதுதான் காரணம். அப்புறம் அது வெறும் தூசி ஃபில்டர்தான், விலை மட்டும் கூட. தினமும் கரிமூட்டப் புகையிலும் லாரிக்குப் பின்னாலும் ஓட்டுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். மற்றவர்கள் அந்தக் காசில் சாதா ஃபில்டரை இன்னொரு முறை மாற்றிக்கொள்ளலாம். மலிவாக வரும் சிலவற்றில் கரி என்பது நிறத்தோடு சரி. கையில் எடுத்துப் பாருங்கள். நிஜக் கார்பன் ஃபில்டர் சாதாவைவிடக் கனமாக இருக்கும்.

‘பிஎம் 2.5’ ஃபில்டர்தான் எனக்கு ஏமாற்றம். இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகளைப் பிடிப்பதற்காக இழையை நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். வீட்டு ஏர் பியூரிஃபையரில் வரும் ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கார் புளோயர் அவ்வளவு இறுக்கமான ஃபில்டரைத் தாண்டிக் காற்றைத் தள்ளுவதற்காகச் செய்ததல்ல. போட்ட முதல் நாளே காற்று ஒரு படி குறைந்தது தெரிந்தது. ஒரு ஆடி மாதம் தாங்கவில்லை, மணலிலேயே அடைத்துக்கொண்டது. டெல்லிப் பக்கம் பனிமூட்டப் புகையில் ஓட்டுகிறவர்களுக்கு இது அருமையாக இருக்கலாம். நம் பிரச்சினை பொடி மண். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் மாற்றும் இடைவெளியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கும் தலைமுறை மாறினால் ஃபில்டர் அளவு மாறலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றும் பொருந்த வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே காற்று அந்த வழியாகத்தான் போகும். ஃபில்டர் பளிச்சென்று இருக்கும், தூசி டேஷ்போர்டில் இருக்கும். அப்படி பளிச்சென்று இருக்கும் ஃபில்டரைப் பார்த்து ‘இன்னும் ஒரு வருடம் ஓடும்’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சில வண்டிகளின் ஆரம்ப வேரியன்ட்டில் ஃபில்டருக்கான இடம் மட்டும் விட்டிருப்பார்கள், ஃபில்டர் இருக்காது. பழைய வண்டி வாங்கியவர்கள் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மாற்றும் வேலைக்கு மெக்கானிக் தேவையில்லை. க்ரெட்டாவில் குளோவ் பாக்ஸைக் காலி செய்து, உள்ளே இரண்டு பக்கமும் உள்ள ஸ்டாப்பரை எடுத்து, கதவை மெதுவாக இறங்க வைக்கும் டேம்பரைக் கழற்றிவிட்டால் கதவு முழுதாகக் கீழே சாயும். பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி. அதன் கொக்கியை அமுக்கி இழுத்தால் ஃபில்டர் கண்ணில் படும். இங்கே அவசரம் கூடாது. மேலே அடைந்திருக்கும் மணல் உள்ளே கொட்டாமல் படுக்கைவாட்டிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு சவுக்கு இலை புளோயருக்குள் விழுந்தால் போதும், அடுத்த நாளிலிருந்து கிரீச் கிரீச் என்று சங்கீதம் கேட்கும். ஈரத்துணியால் அந்த அறையைத் துடைத்துவிட்டு, காற்றோட்ட அம்புக்குறி பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கமாகப் புதியதைச் செருக வேண்டும். வெயிலிலேயே நின்ற வண்டியில் மூடியின் பிளாஸ்டிக் கொக்கி இறுகிப்போயிருக்கும், பலம் காட்டினால் முறிந்துவிடும். நிழலில் விட்டு ஆறியபிறகு கழற்றுங்கள்.

ஃபில்டரைத் தண்ணீரில் அலசிப் போடலாமே என்று கேட்கிறவர்கள் அதிகம். வேண்டாம். இந்த இழைகள் பலவற்றில் மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். பொடித் தூசியை இழுத்துப் பிடிப்பது அதுதான். தண்ணீரும் சோப்பும் பட்டால் அது போய்விடும். பஞ்சர் கடைக் காற்றை நேராக அடித்தால் மடிப்பு கிழியும். நடுவில் ஒருமுறை கழற்றித் தட்டிப் போடுவதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சர்வீஸுக்கு விடும்போது ஃபில்டர் மாற்றச் சொன்னால், பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பில்லில் புதிய ஃபில்டரும் வண்டியில் பழைய ஃபில்டரும் இருந்ததை ஒரு இடத்தில் நானே பார்த்தேன். கேட்டதும் ‘பையன் மறந்துட்டான்’ என்றார்கள். கூடவே ஏசிக்கு வாசனை ஸ்ப்ரே அடிப்பதற்கு ஒரு தொகை போடுவார்கள். ஈர ஃபில்டருக்கு மேல் வாசனை அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும், அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா?

ஓட்டும்போதும் ஒரு பழக்கம் உதவுகிறது. முன்னால் போகும் வண்டி மணலைக் கிளப்பினால் மட்டும் உள்காற்றுச் சுழற்சியைப் போடுகிறேன், தாண்டியதும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுகிறேன். வெளிக்காற்றில் புளோயர் ஓடும்போது உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், கதவு ரப்பர் இடுக்கு வழியாகப் பொடி மண் நுழைய முடியாது. உள்சுழற்சியிலேயே நாலைந்து பேரை வைத்துக்கொண்டு மதுரை வரை போனால் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுகிறவருக்கும் கொட்டாவி வரும். உள்சுழற்சி போட்டால் ஃபில்டருக்கு ஓய்வு என்பதும் சரியில்லை. இந்த வண்டியில் அந்தக் காற்றும் ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. தனுஷ்கோடியில் குழந்தைகள் காலோடு கொண்டுவந்த மணல் மிதியடியிலிருந்து கிளம்பி அங்கேதான் போய்ச் சேரும்.

வைப்பர் அடியில் இருக்கும் சல்லடையையும் மறக்க வேண்டாம். வேப்ப மரம், சவுக்குத் தோப்பு நிழல் என்று நிறுத்துகிறோம், இலை முழுக்க அங்கே சேரும். மழைத் தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டையை அது அடைத்தால் தண்ணீர் காற்று வரும் வழிக்குள் எட்டிவிடும், புது ஃபில்டரும் ஒரே மழையில் பாழ். தோப்பு வீட்டுக்காரர்களுக்கு எலி இன்னொரு தலைவலி. ஃபில்டர் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டும். ஏசி துவாரத்திலிருந்து வெள்ளைத் துணுக்குகள் பறந்தால் அதே நாள் திறந்து பாருங்கள். நான் காற்று நுழையும் இடத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் வலை ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். சாதாக் கம்பி வலை இந்த உப்புக் காற்றில் ஒரு வருடம்கூட நிற்காது.