வால்கிரிண்டும் ஷேர்டு மெமரியும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

வால்கிரிண்ட் என்பது ஓடும் புரோகிராமைக் கண்காணித்துத் தப்புகளைக் கண்டுபிடிக்கும் கருவி. மெமரித் தப்புகளைத் தேடும் அதன் பகுதியான மெம்செக், புரோகிராம் தொடும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கணக்கு எழுதிக்கொண்டே போகும். இந்த பைட்டைத் தொடலாமா என்பதற்கு ஒரு பிட், அதில் உருப்படியான மதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கு எட்டு பிட். ஒற்றை பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்) என்றால் இந்தக் கணக்கு அநேகமாகப் பிசகாது. இரண்டு பிராசஸ்கள் ஒரே மெமரியைப் பங்கு போடும்போதுதான், அதாவது ஷேர்டு மெமரியில்தான், வம்பு தொடங்குகிறது. மெமரி பொது, கணக்கு நோட்டு ஆளுக்கொன்று. அவர் நோட்டில் எழுதியது இவருக்குத் தெரியாது. கீழே வரும் தலைவலிகளில் மோசமானவை எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

அதற்கு முன், ஷேர்டு மெமரி என்ற பெயரை மட்டும் போட்டுக்கொண்டு வரும் ஒரு எர்ரரைத் தனியே ஒதுக்கிவிடலாம். வால்கிரிண்ட் கிளம்பும்போதே, ஷேர்டு மெமரி ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். ஃபைல் பெயரில் 'விஜிடிபி-பைப்' என்று இருந்தால் உங்கள் புரோகிராம் கோடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜிடிபி டீபக்கர் வந்து ஒட்டிக்கொள்வதற்காக வால்கிரிண்ட் தன் பாட்டுக்கு டெம்ப் டைரக்டரியில் இரண்டு பைப்களும் ஒரு ஷேர்டு மெமரி ஃபைலும் வைக்கும். கன்டெய்னரின் (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் சூழலின்) ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லியாக இருந்தாலோ, டெம்ப் நிரம்பியிருந்தாலோ அது நடக்காது. ஜிடிபி தேவையில்லை என்றால் '--விஜிடிபி=நோ' கொடுங்கள், முடிந்தது. தேவை என்றால் '--விஜிடிபி-பிரிஃபிக்ஸ்' கொடுத்து எழுத முடிந்த வேறு இடத்துக்கு மாற்றி, அதே பிரிஃபிக்ஸை, ஜிடிபியை வால்கிரிண்டோடு இணைக்கும் விஜிடிபி கமாண்டுக்கும் கொடுக்க வேண்டும். லினக்ஸின் சர்வீஸ் மேலாளரான சிஸ்டம்டி ஓட்டும் சர்வீஸில், தனி டெம்ப் கொடுக்கும் பிரைவேட்டெம்ப் ஆன் ஆகியிருந்தால் அந்த சர்வீஸின் டெம்ப் வேறு, உங்கள் ஷெல்லின் டெம்ப் வேறு. பிராசஸ் ஓடிக்கொண்டிருந்தும் விஜிடிபி அதைக் கண்டுபிடிக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கில் மைனஸ் 9 போட்டு நிறுத்திய ஓட்டங்கள் இந்த ஃபைல்களை அப்படியே விட்டுவிட்டுப் போகும், அவ்வப்போது பெருக்கித் தள்ளுங்கள்.

அடுத்து கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கொடுக்கும் எர்ரர்கள். 'வால்கிரிண்ட் இல்லாமல் ஓடுது, வைத்தால் ஓடலை' என்ற புகாரில் பாதி இந்த வகை. மெம்செக்கில் புரோகிராம் 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் பொறுமையிழந்து பிராசஸைக் கொன்றுவிடும். ஷேர்டு மெமரி வாங்கும் பழைய முறையான சிஸ்டம்-5-இன் செக்மென்ட் (பங்கிடும் மெமரித் துண்டு), பிராசஸ் செத்தாலும் சாகாது. இப்படிச் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள், செக்மென்டைக் கேட்டு வாங்கும் ஷெம்கெட் அழைப்பு எர்னோ (எர்ரர் எண்) 28 கொடுக்கும். அதன் வாசகம் 'டிவைஸில் இடமில்லை' என்பதால் உடனே டிஸ்கைப் பார்க்க ஓடுபவர்கள் உண்டு. டிஸ்குக்கு இதில் வேலையில்லை. லினக்ஸில் செக்மென்ட் எண்ணிக்கைக்கான வரம்பு வழக்கமாக 4096; அது தீர்ந்திருக்கும், இல்லையென்றால் மொத்தப் பக்கங்களின் வரம்பு தீர்ந்திருக்கும். 'ஐபிசிஎஸ் -எம்' அடித்து என்-அட்ச் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 0 என்றால் யாரும் ஒட்டியிருக்கவில்லை. '-பி' சேர்த்தால் உருவாக்கிய பிராசஸ் எண்ணும் வரும். அந்த எண்ணில் இப்போது யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு 'ஐபிசிஆர்எம்' போட்டு நீக்குங்கள். நிரந்தரத் தீர்வு கோடில்தான்: எல்லா பிராசஸ்களும் அட்டாச் ஆனதும் (செக்மென்டில் ஒட்டிக்கொண்டதும்), நீக்கச் சொல்லும் ஐபிசி-ஆர்எம்ஐடி போட்டுவிட்டால், கடைசி ஆள் விலகும்போது கெர்னலே துடைத்துவிடும்.

எர்னோ 22 கொஞ்சம் குழப்பும். ஷெம்கெட்டில் வந்தால், பழைய செக்மென்ட் அதே கீயில் (செக்மென்டின் அடையாள எண்ணில்) சின்ன அளவில் கிடக்கிறது, நீங்கள் ஸ்ட்ரக்டைப் (ஃபீல்டுகளின் தொகுப்பை) பெரிதாக்கிவிட்டுப் பெரிய அளவு கேட்கிறீர்கள் என்று முதலில் சந்தேகியுங்கள். செக்மென்டை ஒட்டவைக்கும் ஷெம்அட்டில் வந்தால் விலாசத்தைப் பாருங்கள். வால்கிரிண்டில் மெமரி எங்கே உட்கார வேண்டும் என்பதை அதன் அட்ரஸ் மேனேஜர் முடிவு செய்கிறது. வழக்கமான ஓட்டத்தில் காலியாக இருக்கும் இடத்தில் இங்கே வால்கிரிண்டே உட்கார்ந்திருக்கலாம். குறிப்பிட்ட அட்ரஸில்தான் அட்டாச் ஆவேன் என்று அடம்பிடிக்கும் புரோகிராம் இங்கே அடிபடும். அட்ரஸாக 0 கொடுத்து, செக்மென்டுக்குள் பாயின்டருக்குப் (முழு விலாசத்துக்கு) பதில் ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து தூரம்) வைப்பதே சரி. ஹியூஜ் பேஜ் (பெரிய அளவு மெமரிப் பக்கம்) கேட்டிருந்தால் அலைன்மென்ட் தகராறும் சேரலாம். டெஸ்டுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஷேர்டு மெமரியின் இன்னொரு முறையான போசிக்ஸ் பக்கம் வந்தால் சிக்னல் 7, அதாவது பஸ் எர்ரர். 'நான்-எக்ஸிஸ்டன்ட் ஃபிசிக்கல் அட்ரஸ்' என்று வால்கிரிண்ட் சொல்லும், கோடு வரியையும் காட்டும், அந்த வரியில் தப்பே இருக்காது. டாக்கர் கன்டெய்னரில், ஷேர்டு மெமரி உட்காரும் 'டெவ்-எஸ்எச்எம்' அளவு சொல்லாமல் விட்டால் 64 எம்பிதான். ஃபைல் அளவைக் குறிக்கும் எஃப்-ட்ரங்கேட் 200 எம்பி கேட்டாலும் சரி என்று தலையாட்டும், ஏனென்றால் பக்கங்கள் எழுதும்போதுதான் ஒதுக்கப்படுகின்றன. 65-வது எம்பியில் எழுதும்போது குப்புற விழும். '--எஸ்எச்எம்-சைஸ்=1ஜி' கொடுத்தால் சரியாகும். கோடில் எஃப்-ட்ரங்கேட்டுக்குப் பதில் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும் போசிக்ஸ்-ஃபாலொகேட் போட்டால் ஆரம்பத்திலேயே எர்னோ 28 ஆகத் தெரிந்துவிடும், நடுவழியில் சாகாது.

இனி கணக்கு நோட்டு விஷயம். ஒரு ஸ்ட்ரக்ட்: முதலில் ஒரு கேர் ஃப்ளாக், அடுத்து 4 பைட் இன்ட். மொத்தம் 8 பைட், நடுவில் 3 பைட் பேடிங் (வெறும் இட நிரப்பு). பிராசஸ் 'அ' இதை ஸ்டாக்கில் (தன் சொந்த மெமரியில்) நிரப்பி, ஷேர்டு மெமரியில் ஒரு ஸ்லாட்டுக்கு (இடத்துக்கு) மெம்காப்பி செய்கிறது. பேடிங்கில் யாரும் எதுவும் எழுதவில்லை, எனவே 'அ'வின் நோட்டில் அந்த 3 பைட்டும் 'எழுதப்படாதது'. பிறகு பிராசஸ் 'ஆ' அதே ஸ்லாட்டில் வேறு வகை ரெக்கார்டு ஒன்றை எழுதுகிறது. இதில் அந்த 3 பைட்டுக்குள் நீளம் இருக்கிறது. 'அ' அதைப் படித்து இஃப் போடுகிறது. எழுதப்படாத மதிப்பை வைத்து முடிவெடுக்கிறாய் என்று மெம்செக் கத்துகிறது. மதிப்பு முழுக்கச் சரி, எழுதியவர் 'ஆ' என்பது 'அ'வின் நோட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எழுதப்படாத மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடும் '--ட்ராக்-ஆரிஜின்ஸ்=எஸ்' போட்டால் இன்னும் மோசம்: ஓட்டம் மேலும் மந்தமாகி, கடைசியில் 'அ'வின் பழைய ஸ்டாக் வேரியபிளைக் கைகாட்டும். அங்கே தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

தீர்வு, மெம்செக் ஹெடரில் உள்ள, கொடுத்த இடத்தை 'எழுதப்பட்டது' என்று குறிக்கும் 'மேக்-மெம்-டிஃபைன்டு' மேக்ரோ. லாக் (ஒரு நேரத்தில் ஒருவரையே தொட விடும் பூட்டு) கைக்கு வந்ததும், மற்றவர் எழுதியிருக்கக்கூடிய அந்த ஸ்லாட்டுக்கு மட்டும் போடுங்கள். முழு செக்மென்டுக்கும் போட்டால் சத்தம் நிற்கும். கூடவே உங்கள் சொந்தத் தப்புகளும் மறைந்துபோகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதை அழகாகச் செய்கிறது: பஃபரைப் 'பின்' செய்யும்போது (பயன்பாட்டில் இருக்கிறது என்று பிடித்துவைக்கும்போது) அந்தப் பக்கத்தை (வழக்கமாக 8 கேபி) டிஃபைன்டு என்று குறிக்கிறது, தன் கடைசிப் பின்னை விடும்போது நோ-ஆக்சஸ் (தொடக்கூடாது) என்று குறிக்கிறது. பின் இல்லாமல் பக்கத்தைத் தொடும் கோடு உடனே மாட்டிக்கொள்ளும். வால்கிரிண்ட் இல்லாத ஓட்டத்தில் இந்த மேக்ரோக்களின் செலவு சில இன்ஸ்ட்ரக்ஷன்கள்தான்.

மெம்செக் கத்தாமல் இருப்பது இதைவிட ஆபத்து. அட்டாச் ஆகும்போது முழு செக்மென்டையும் 'எழுதப்பட்டது' என்றே மெம்செக் குறித்துக்கொள்கிறது. 'அ' குப்பையைப் போட்டு வைத்தால், 'ஆ' அதைப் படித்துக் கெட்டுப்போனாலும் ஒரு வார்த்தை வராது. இதைப் பிடிக்க வேண்டிய இடம் எழுதுபவர் பக்கம். லாக்கை விடுவதற்கு முன், எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் 'செக்-மெம்-இஸ்-டிஃபைன்டு' போடுங்கள். பேடிங்குக்கும் சேர்த்துக் கத்தும், ஆகவே ஃபீல்டு ஃபீல்டாகச் சோதியுங்கள். மெம்செட் போட்டு எல்லா பைட்டையும் நிரப்பி வாயடைப்பது சுலபம், ஆனால் நிரப்ப மறந்த ஃபீல்டையும் அது மூடி மறைத்துவிடும்.

செக்மென்டுக்குள் சொந்த அலொகேட்டர் (மெமரியைப் பிளாக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் கோடு) வைத்திருந்தால், மல்லாக் கொடுக்கும் பிளாக்கைச் சுற்றி மெம்செக் வைக்கும் வேலி அங்கே கிடையாது. ஒரு பிளாக்கைத் தாண்டி அடுத்த பிளாக்கில் எழுதினாலும் அமைதி. சொந்த அலொகேட்டரைப் பற்றி மெம்செக்குக்குச் சொல்லும் மெம்பூல் மேக்ரோக்களை ஷேர்டு செக்மென்டில் போடத் தோன்றும்; போடாதீர்கள். 'அ' ஒதுக்கிய பிளாக் 'ஆ'வின் நோட்டில் இன்னும் நோ-ஆக்சஸாகவே இருக்கும், நியாயமான ரீட் எல்லாம் 'இன்வாலிட் ரீட்' ஆகும். பிளாக்குகளுக்கு நடுவே யாருமே தொடக்கூடாத 16 பைட் விட்டு, அட்டாச் ஆகும் ஒவ்வொரு பிராசஸும் அதை நோ-ஆக்சஸ் ஆக்குவது நடைமுறையில் நிற்கிறது. பிளாக் அளவு மாறாத அலொகேட்டருக்குத்தான் இது சரிப்படும்.

ஒரே மெமரியை ஒரே பிராசஸ் இரண்டு விலாசத்தில் மேப் செய்தாலும், ரிங் பஃபர்களில் (முடிவு வந்ததும் தொடக்கத்துக்குச் சுற்றும் பஃபர்களில்) செய்வது போல, இதே கதைதான்: நோட்டு விலாசத்துக்கு எழுதப்படுகிறது, மெமரிக்கு அல்ல.

256 எம்பிக்கு மேற்பட்ட செக்மென்டை அட்டாச் செய்தால் வரும் 'லார்ஜ் ரேஞ்ச்' எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். வால்கிரிண்டின் இன்னொரு கருவியான ஹெல்கிரிண்ட் ஒரு பிராசஸின் த்ரெட்களுக்குள் மட்டுமே ரேஸ் (ஒழுங்கில்லாமல் ஒரே மெமரியை மோதித் தொடுவது) தேடும். பிராசஸ்களுக்கு இடையிலான ரேஸுக்கு அதை நம்பி ஓட்டுவதில் பயனில்லை. கம்பைலர் வழியாகச் சோதனை செய்யும் மாற்றுக் கருவியான அட்ரஸ் சானிடைசர் சுமார் 2 மடங்குதான் மந்தம், எனவே டைம்அவுட் தொல்லை குறைவு. ஆனால் எழுதப்படாத மதிப்பை அது பார்ப்பதே இல்லை, அதன் நிழல் மெமரியும் ஆளுக்கொன்றுதான்.

ஃபோர்க் ஆன (பிராசஸிலிருந்து நகலாகப் பிரிந்த) பிள்ளைகளை மெம்செக் தானாகவே பின்தொடரும்; எக்ஸெக் ஆனவர்களுக்கு (வேறு புரோகிராமாக மாறியவர்களுக்கு) '--ட்ரேஸ்-சில்ட்ரன்=எஸ்' வேண்டும். வால்கிரிண்ட் புகார்களை எழுதும் பதிவு ஃபைலின் பெயரில் சதவீதக் குறியுடன் 'பி' சேர்த்தால் பிராசஸுக்கு ஒரு ஃபைல் கிடைக்கும். இல்லாவிட்டால் 'அ'வின் புகாரும் 'ஆ'வின் புகாரும் ஒரே ஃபைலில் பின்னிக்கொண்டு, யார் நோட்டிலிருந்து வந்தது என்று வரிக்கு வரி பிராசஸ் எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.