கங்காருக் குறி போட்ட டிஎஸ்ஆர்-2: மைக்ரோ செட், மைக்ரோ சோல் எப்படி?

வாட்-இஃப் மாடல் ஒன்றைப் பார்ப்பவர் நம்புவதும் சிரிப்பதும் டிகாலில்தான், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய குறிகளில்தான் இருக்கிறது. வாட்-இஃப் என்றால் நடக்காததை நடந்ததாகக் காட்டுகிற மாடல். விமானப்படையின் வட்டக்குறியைச் சுற்றிப் படலத்தின் ஓரம் பளபளத்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். அதனால் இந்த வகை மாடலுக்கு, பாகங்கள் வரும் கிட்டைவிட, டிகாலைப் படிய வைக்கும் திரவத்தை யோசித்து வாங்க வேண்டும். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் மைக்ரோ செட், மைக்ரோ சோல் இரண்டையும் ஏர்ஃபிக்ஸின் 1/72 அளவு டிஎஸ்ஆர்-2 மாடல் மேல் வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய விமானப்படை வண்ணத்தில்.

பிரிட்டனின் டிஎஸ்ஆர்-2 தாக்குதல் விமானம் முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 27இல். 1965 ஏப்ரலில் திட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆஸ்திரேலியா அதற்கு முன்பே, 1963 அக்டோபரில், அமெரிக்காவின் எஃப்-111 தாக்குதல் விமானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த முடிவு மறுபக்கம் விழுந்திருந்தால் 1970களில் ஆஸ்திரேலியாவின் டிஎஸ்ஆர்-2 எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவின் எஃப்-111சி போட்டிருந்த அதே உடுப்பைப் போடுவது பொருத்தம்: மேலே இரண்டு பச்சையும் ஒரு மண் நிறமும், வயிறு கறுப்பு. ஹம்ப்ரோல் பெயிண்ட் எண்களில் 116, 117, 118, கறுப்புக்கு 33.

வரிசை எண்ணில்தான் பலரும் சறுக்குவார்கள். எஃப்-111சியின் எண்கள் ஏ8-125 முதல் ஏ8-148 வரை. அந்த 125 அமெரிக்க எண்ணின் கடைசி மூன்று இலக்கம். பிரிட்டனில் கட்டிய விமானத்துக்கு அந்த எண் வர வழியே இல்லை. ஆஸ்திரேலியாவின் மிராஜ் போர் விமானம் ஏ3-1இல் தொடங்கியதைப் போல இதுவும் ஏ8-1இல் தொடங்குவதுதான் நியாயம். ஆஸ்திரேலிய வட்டக்குறியின் நடுவிலுள்ள கங்காருவும் கவனம்: உடற்பகுதியில் இரு பக்கமும் அது மூக்கை நோக்கித்தான் பாயும். இடது, வலது என்று தனித்தனிக் குறி வேண்டும். ஒரே குறியை இரண்டாக வாங்கி வைத்தால் ஒரு பக்கம் கங்காரு வாலை நோக்கி ஓடும்.

ஆக, வட்டக்குறி ஒரு தாளிலிருந்து, எழுத்துகள் இன்னொன்றிலிருந்து, சிறு எச்சரிக்கைக் குறிகள் கிட்டின் தாளிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தடிமன், வெவ்வேறு வயது. கெட்டுப்போனால் மாற்றும் கிடைக்காது. மைக்ரோ சோலின் மென்மை இங்கேதான் உதவுகிறது. சால்வாசெட் போன்ற காட்டமான திரவம் மெல்லிய டிகாலைக் கூழாக்கிவிடக்கூடும். மைக்ரோ சோல் அவ்வளவு அவசரப்படாது.

நீல லேபிள் செட், சிவப்பு லேபிள் சோல். செட்டைத் திறந்தால் வினிகர் வாசனை வரும். டிகால் உட்காரும் இடத்தை நனைத்துப் பிடிப்பு கொடுப்பது அதன் வேலை. சோல் படலத்தையே இளக வைத்து, பேனல் கோடுகள் என்ற தகட்டு இணைப்புப் பள்ளங்களுக்குள் இறக்கும். மூடியில் தூரிகை கிடையாது, இது ஒரு குறை. இரண்டு மெல்லிய தூரிகைகளைத் தனியாக ஒதுக்குங்கள், மாற்றிப் போடாதீர்கள்.

மேட், அதாவது பளபளப்பில்லாத, பெயிண்ட் மேல் நேரடியாக ஒட்டினால் எந்தத் திரவமும் காப்பாற்றாது. சொரசொரப்பில் காற்று சிக்கி, காய்ந்ததும் படலத்தின் அடியில் வெள்ளி பூத்துவிடும். ஹம்ப்ரோல் எனாமல் நன்றாகக் காயட்டும், அதன் மேல் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு, பிறகு முழுதாக ஒரு நாள் பொறுத்திருங்கள். அரைகுறையாகக் காய்ந்த அக்ரிலிக் கிளாஸ் மேல் சோல் பட்டால் பால் போல வெளுக்கும்.

டிகாலை ஓரம் ஒட்ட வெட்டி, வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நொடி முக்கி, டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் விடுங்கள். தாளிலிருந்து தானாக வழுக்கும்வரை தள்ளக் கூடாது. ஒட்டும் இடத்தில் செட் தடவி, டிகாலை இறக்கி, நிலை பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரத்தை ஒற்றி எடுங்கள். அதன் பிறகே சோல், ஒரே பூச்சாக. சில நிமிடத்தில் டிகால் சுருங்கிச் சுருங்கிப் பார்க்கவே பகீரென்றிருக்கும். கை வைக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் படலம் ஈரமான சவ்வு. தொட்டால் கிழியும், விட்டால் காயும்போது தானே படியும். காய்ந்த பிறகும் குமிழ் இருந்தால் ஊசி நுனியால் குத்தி மறுபடி சோல். பேனல் கோட்டின் மேல் பாலம் போலத் தூக்கி நின்றால், புது பிளேடால் கோட்டின் வழியே ஒரு கீறல், மறுபடி சோல்.

தடித்த டிகாலில் சோல் தோற்கும். டாமியாவின் தாள்கள் பலவும் அப்படித்தான். எத்தனை பூச்சு போட்டாலும் ஓரம் படி போலத் தெரியும். அதற்கு மிஸ்டர் மார்க் சாஃப்டரோ டாமியாவின் ஸ்ட்ராங் மார்க் ஃபிட்டோ போன்ற இன்னும் காட்டமான திரவம் தேவை. பழைய தாளில் இன்னொரு தொல்லை: தண்ணீரில் போட்டதும் படலம் துண்டு துண்டாகும். வேண்டாத குறி ஒன்றை முதலில் முக்கிப் பாருங்கள். உடைந்தால் மீதித் தாள் முழுவதற்கும் மைக்ரோஸ்கேலின் லிக்விட் டிகால் ஃபிலிம் ஒரு பூச்சு. பிறகு ஒவ்வொன்றையும் ஓரம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கரும்பச்சை மேல் வரும் வெள்ளைக்கு இந்தத் திரவங்கள் எதுவும் செய்யாது. மெல்லிய டிகால் என்றால் அடியிலுள்ள பச்சையும் மண் நிறமும் சேருகிற கோடு வட்டக்குறியின் வெள்ளைப் பகுதி வழியே தெரியும். 36 அங்குல வட்டக்குறி 1/72இல் 12.7 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டரில் வெள்ளை வட்டம் ஒன்றை முதலில் பெயிண்டில் போட்டு, அதன் மேல் டிகாலை வைப்பதுதான் வழி. இறக்கையில் இடம் தேர்ந்தெடுக்கும்போது, கீழே வளைந்த நுனியின் மடிப்புக்கு உள்ளேயே வட்டம் அடங்கட்டும். மடிப்பின் மேல் ஏற்றினால் சோல் படிய வைத்துவிடும்தான், ஆனால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும்.

ஏ8-1ஐ வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடிக்கிறவர்கள் முக்குவதற்கு முன் தாளுக்குத் தெளிவான வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும், இல்லையென்றால் மை தண்ணீரிலேயே கரையும். அப்படி அடித்த பிறகும் சோல் மையை இளக்கக்கூடும். இந்த டிகாலுக்குச் செட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சோல். செட்டின் இடத்தில் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் ஓரளவு சமாளிக்கும். எல்லாம் காய்ந்ததும் ஈரத் துணியால் பசைக் கறையையும் நீர்க்கறையையும் துடைத்துவிட்டு மேட் வார்னிஷ் அடியுங்கள். துடைக்காமல் அடித்தால் அந்தக் கறை பழுப்பு வளையமாக வார்னிஷுக்கு அடியில் நிரந்தரமாகிவிடும்.