சர்க்கரை கம்மா, சைலிட்டால் கம்மா?

சாப்பிட்டு முடித்ததும் வாய் எதையாவது அசைபோடக் கேட்கும் ரகம் நான். பல காலம் சர்க்கரை போட்ட சூயிங் கம், அப்புறம் ‘சுகர் ஃப்ரீ’ என்று உறையில் போட்டிருந்த எல்லாம், இப்போது சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்த்த கம் மட்டும். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மெல்லும் பண்டத்தைப் பொறுத்தவரை இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. உறையில் ‘கம் பேஸ்’ என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது பாலிவினைல் அசிடேட், பாலிஐசோபியூட்டிலீன் போன்ற செயற்கைப் பாலிமர்களும் மெழுகும் ரெசினும். ஒரு காலத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் சப்போட்டா மரத்தைக் கீறி வடித்த ‘சிக்கிள்’ பாலில்தான் கம் செய்தார்கள். இன்றும் அப்படிச் செய்பவர்கள் உண்டு. நான் மென்றது கொஞ்சம்தான் என்பதால் அதைப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. விழுங்கினால் ஏழு வருஷம் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் கதை. பேஸ் செரிக்காது, அவ்வளவுதான். போகவேண்டிய வழியில் போய்விடும்.

சுவையில் முதல் நிமிடம் சர்க்கரை கம்தான் ராஜா. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் என்னைக் கட்சி மாற வைத்தது ஒரே விஷயம்: அமிலம். பல்லில் படியும் படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குவதே அதன் பிழைப்பு. வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எந்த கம்மை மென்றாலும் உமிழ்நீர் பெருகி அமிலத்தைத் தணிக்கும். ஆனால் சர்க்கரை கம்மில் ஒரு பக்கம் வாயைக் கழுவிக்கொண்டே மறுபக்கம் பாக்டீரியாவுக்குப் பந்தி விரிக்கிறோம். சுகர் ஃப்ரீ கம்களில் அதிகம் சேர்க்கப்படும் சார்பிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பை அந்தப் பாக்டீரியா மெதுவாகத்தான் புளிக்கவைக்கும், அமிலம் குறைவு. சைலிட்டாலையோ உள்ளே இழுத்துக்கொள்கிறது, செரிக்க முடிவதில்லை; வீணாகச் சக்தியைச் செலவழித்து ஓய்கிறது.

பின்லாந்தின் டுர்கு நகரில் 1970களில் நடந்த ஆய்வுகள்தான் சைலிட்டாலுக்குப் பெயர் வாங்கித் தந்தன. சர்க்கரை கம் மென்றவர்களைவிட சைலிட்டால் கம் மென்றவர்களுக்குச் சொத்தை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் இதில் மெல்லுவதால் ஊறும் உமிழ்நீரின் பங்கு எவ்வளவு, சைலிட்டாலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் சைலிட்டால் கம் விஷயத்தில் சான்றுகள் போதாது என்றே முடித்தது. ஆகவே சார்பிட்டால் கம் மெல்லுபவரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். சர்க்கரை கம்முக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பெரிது.

வாங்கும்போது உறையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். ‘சைலிட்டால் சேர்ந்தது’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் சார்பிட்டால், கம் பேஸ், மால்ட்டிட்டால் எல்லாம் வரிசையாக வந்த பிறகு சைலிட்டால் தலைகாட்டும். எடையில் அதிகம் உள்ளதை முதலில் எழுதுவதே வழக்கம் என்பதால், முதல் பெயராகவோ, ‘கம் பேஸ்’ முதலில் இருந்தால் அதற்கு அடுத்ததாகவோ சைலிட்டால் இருந்தால்தான் நான் எடுப்பேன். பழச் சுவைகளையும் தவிர்க்கிறேன். சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் சேர்த்த கம்மில் பாக்டீரியாவின் உதவியே தேவையில்லை, அமிலம் நேராகவே வந்து இறங்குகிறது. புதினாவில் அந்தத் தொல்லை இல்லை. சைலிட்டால் கரையும்போது நாக்கில் படரும் குளிர்ச்சியும் அதனோடு நன்றாக ஒத்துப்போகும்.

குறைகளும் உண்டு. சைலிட்டாலோ சார்பிட்டாலோ, அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும். இதில் சார்பிட்டால் கொஞ்சம் மோசம். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சேர்த்த கம் ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது. சாப்பிட்ட பின் 20 நிமிடம் மென்றால் போதும். நாள் முழுக்க மென்றால் தாடை மூட்டு வலிக்கும். பல் துலக்குவதற்கு எந்த கம்மும் மாற்றில்லை.

வீட்டில் நாய் இருந்தால் மட்டும் என் சிபாரிசை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு விஷமாகாத சைலிட்டால் நாய்க்கு விஷம். ரத்தச் சர்க்கரை திடீரென்று சரியும், ஈரலும் பாதிக்கப்படலாம். ஒன்றிரண்டு கம் உள்ளே போயிருந்தாலும் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு.