திம்பத்தின் 27 வளைவுகளில் ஆறு ஆண்டுகள்

வீடு சத்தியமங்கலத்திலும் வேலை தாளவாடியிலும் அமைந்துவிட்டதால், வாரத்துக்கு இரண்டு முறையாவது திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்குவது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். வண்டி, கையால் கியர் மாற்றும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலை முழுவதும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது.

ஏறுவதை விட இறங்குவதே வண்டியைச் சோதிக்கிறது. முதல் ஆண்டில், மூன்றாம் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி வந்தபோது, அடிவாரத்துக்குச் சற்று முன்பு கருகிய வாடை எழுந்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே அமிழ்ந்தது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே மீண்டும் பிடித்தது. நாட்பட்ட பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, சூடேறியதும் கொதித்து ஆவியாவதால் இப்படி நேர்கிறது. சர்வீஸ் பில்லில் மாற்றியதாக எழுதியிருந்த அந்த ஆயிலை யாரும் தொட்டிருக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அன்று முதல் இரண்டாம் கியரில், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குகிறேன். ஆயிலை என் கண்முன்னே மாற்றச் சொல்கிறேன்.

ஏறும்போது தொல்லை லாரிகளால்தான். நீளமான லாரி ஒன்று வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும் என்பதால், அது கடந்து செல்லும் வரை ஒரு வளைவு கீழேயே நின்றுவிடுவது நல்லது. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஏற்றத்தில் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்துப் பழகிய எனக்கு, 60,000 கிலோமீட்டருக்குள் கிளட்ச் தட்டு தேய்ந்தது. கைப்பிரேக்கைப் போட்டு நின்று கிளம்பும் பழக்கம் அதன் பிறகு வந்ததுதான்.

திம்பத்தைத் தாண்டி ஆசனூர், காராப்பள்ளம் பக்கம் போனால் யானைகள். கரும்பு லாரிகளின் சுவை கண்டுவிட்ட சில, சோதனைச்சாவடி அருகே சாலையோரம் காத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றின் கவனம் லாரியின் மேல்தான். சிறிய காரை அவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. குட்டியோடு சாலையைக் கடக்கும் கூட்டம் வேறு. அதன் முன் ஹாரன் அடிப்பதோ, விளக்கை மினுக்குவதோ, நடுவில் புகுந்து போக முயல்வதோ கூடாது. யானை காதுகளை விரித்து நம்மை நோக்கி நேராகத் திரும்பினால், வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும்; அதற்குப் பின்னால் வண்டி ஒட்டி நிற்காதிருக்க வேண்டும். முன்வண்டி பின்வாங்க வழி இருக்கட்டும் என்றே அதற்கும் எனக்கும் இடையே எப்போதும் தாராளமாக இடம் விடுகிறேன். ஒருமுறை நாற்பது நிமிடம் காத்திருந்தேன், பள்ளிக்கூட வேன் ஒன்றும் என்னோடு காத்திருந்தது. ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை.

2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது, தாளவாடி விவசாயிகளைப் போல நானும் முணுமுணுத்தேன். மழைக்காலத்து மூடுபனியில் வண்டியின் உயர்விளக்கு ஒளி வெண்சுவராகத் திரும்பி முகத்தில் அடிப்பதை அறிந்தவன் என்பதால், எனக்கு அந்த முணுமுணுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை.

அடுத்த வண்டியில் ஏற்றத்தில் பின்னுக்கு உருளாமல் தாங்கும் வசதி கட்டாயம் வேண்டும். மேற்கூரைக் கண்ணாடி வேண்டாம். சுற்றுலாப் பயணிகள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய குரங்குகள் வளைவுகளில் காத்திருக்கின்றன, நின்ற வண்டியின் கூரை அவற்றுக்குத் திண்ணை.