கச்சான் காற்றில் காய்ந்த ஊவா இலையும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணியும்

திருகோணமலைக் கடைத்தெருவில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், தேயிலை மட்டும் விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலுக்குக் கிட்டப் போனாலே வாசம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மாதமாக அங்கேதான் வாங்குகிறேன்.

இதற்கு முதல் ஒரு பலசரக்குக் கடையில் வாங்கிய இலையில் கருவாட்டு வாடை ஏறியிருந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும், அதைத் திறந்த சாக்கில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எப்படி? அரைக் கிலோவையும் தென்னைமர அடியில் கொட்டினேன். இந்தக் கடையில் எல்லாமே மூடி இறுக்கமான தகர டின்களில் இருக்கிறது. கடைக்கார ஐயா ஒரு பிடி இலையை என் உள்ளங்கையில் வைத்து, "வாயால சூடா ஒருக்கா ஊதிட்டு மணந்து பாருங்க மகள்" என்றார். ஊதினேன். காய்ந்த சருகு போலக் கிடந்த இலையிலிருந்து சட்டென்று பூ வாசமும், கூடவே விக்ஸ் போல மெல்லிய குளிர்ச்சியும் வந்தது. அதுதான் ஊவா, ஊவா மாகாணத்து மலைத் தேயிலை.

அந்தக் குளிர்ச்சிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆடி, ஆவணியில் இங்கே உதட்டை வெடிக்க வைக்கிற அதே கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுத்தான் மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தை இழந்து, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துச் செடிகளையும் வாட்டுகிறது. வாடுகிற செடியின் கொழுந்தில்தான் அந்த வாசம் திரளும். அதனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறித்த ஊவாவுக்குத் தனி மதிப்பு. நுவரெலியாவுக்கு நல்ல பருவம் தை, மாசி.

ஊவா பிஓபி (உடைத்த இலை), நுவரெலியா ஓபி (முழு இலை), தெற்குத் தாழ்நாட்டு ருகுணு என்று ஒவ்வொன்றிலும் 100 கிராம் வாங்கிக்கொண்டு வந்து, முதல் நாள் எங்கள் உப்புவெளி வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் ஊவாவைப் போட்டேன். சரிவரவில்லை. சாயம் மண்ணிறமாகக் கலங்கி, மேலே எண்ணெய் போல ஒரு படலம் படர்ந்து, கரண்டியால் விலக்கினால் துண்டு துண்டாக உடைந்து கோப்பை ஓரத்தில் ஒட்டியது. தண்ணியில் உள்ள சுண்ணாம்பு தேயிலைச் சாரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான் படியும், இலையில் குற்றம் இல்லை. அடுத்த நாள் கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணியை இரவு முழுக்கத் திறந்து வைத்து குளோரின் வாடை போனபிறகு கொதிக்க வைத்துப் போட்டேன். அதே இலை, அதே கிளாஸ், ஆனால் செம்புக் காசு போல ஒளிவிடுகிற நிறம், நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்து விடுகிற துவர்ப்பு. ஆர்ஓ தண்ணியிலும் பார்த்தேன், நிறம் வந்தது, ருசி கொஞ்சம் சப்பென்று இருந்தது.

அப்புறம் நேரம். ருசி பார்ப்பதற்கென்றே இருக்கிற ஐஎஸ்ஓ 3103 அளவு 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம். அது இலையின் குறை நிறைகளை வெளியே இழுத்துக் காட்டுவதற்கு, ஆறுதலாக இருந்து குடிப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். எனக்கு ஊவா மூன்றரை நிமிடத்தில் சரி. ஐந்தைத் தாண்டினால் கசப்பு வாசத்தை அமுக்கிவிடுகிறது. கோப்பையை முதலில் சுடுதண்ணியால் அலசி, தண்ணி கொதித்த கையோடு ஊற்றி, மூடி வைக்க வேண்டும், மூடாமல் விட்டால் அந்தக் குளிர்ச்சி ஆவியோடு போய்விடும். சீனி போடாமல், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள்.

நுவரெலியா ஓபி வேறு மாதிரி. இலை முழுசாகச் சுருண்டிருக்கும், சாயம் வெளிர் மஞ்சள், இங்கத்தைய வெயிலுக்கு அதைச் சுடவைக்கவே தேவையில்லை. இரண்டு மேசைக்கரண்டி இலையை ஒரு லீட்டர் குளிர்ந்த தண்ணியில் போட்டு எட்டு மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து வடித்தால் கசப்பே இல்லாமல் வருகிறது. பங்குனி வெயிலில் வேலையால் வந்து அதைக் குடித்தவர்களுக்குத்தான் அது தெரியும். ருகுணு கடும் சாயம், பாலுக்கு நல்லது, அவ்வளவுதான்.

டின் பால் ஊற்றி ஆத்துகிற தேத்தண்ணிக்கு இவை எதுவும் வேண்டாம், அதற்கு டஸ்ட் என்கிற தூள் தேயிலையே போதும், காசை வீணாக்காதீர்கள். பசும்பால் கொஞ்சமாக விட்டால் ஊவா பிஓபி தாங்கும், நுவரெலியா தாங்காது.

கடையில் எனக்கு இரண்டு குறை. பறித்த மாதம் எந்த டின்னிலும் எழுதியில்லை, வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்கிறார். மற்றது, மெல்லிய கடதாசிப் பையில் கட்டித் தருகிறார், எங்கள் கடற்கரை ஈரத்தில் அது ஒரு கிழமை கூடத் தாங்காது. விலையும் பைக்கட் தேயிலையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் 100 கிராமில் நாற்பது, ஐம்பது கோப்பை வருகிறது. போகும்போது வீட்டிலிருந்து காய்ந்த டின் ஒன்று கொண்டு போங்கள், அதிலேயே நிறுத்துப் போட்டுத் தருவார்.