எச்ஓ அளவா, 'என்' அளவா?

வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைக்கும்போது முதல் முடிவே அளவுதான். எச்ஓ (HO) என்றால் 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு; இரு தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 16.5 மி.மீ. 'என்' (N) பெரும்பாலும் 1:160, அகலம் 9 மி.மீ.

நிஜம் போலத் தோன்ற வேண்டுமென்றால் வளைவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிஜ ரயில் பாதை மிக மெதுவாகத்தான் வளையும். 45 செ.மீ. ஆரமுள்ள வளைவில் நீளமான எச்ஓ பெட்டிகள் ஓரம் பிதுங்கி நிற்கும், பொம்மைத்தனம் வந்துவிடும். அதே வளைவு 'என்' அளவில், எச்ஓ-வின் 83 செ.மீ. ஆரத்துக்குச் சமம். 25 மீட்டர் பெட்டிகள் பத்தைக் கோத்தால் எச்ஓ-வில் ஏறக்குறைய 3 மீட்டர், 'என்'னில் 1.6 மீட்டர்தான். மலையும் பாலமும் ரயிலை விடப் பெரிதாகத் தெரிய இடம் கிடைக்கும். எனக்கு இதைவிட அழகு எதுவுமில்லை.

சரி, எச்ஓ எதற்கு? இன்ஜினின் கைப்பிடிக் கம்பி, துரு, புகைக்கறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒலிபெருக்கி வைக்க உள்ளே இடம் உண்டு. எடை கூடுதல் என்பதால் சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தைத் தடங்கலின்றி எடுக்கும். 'என்' இன்ஜின் கொஞ்சம் தூசுக்கே திணறும், தண்டவாளத்தை அடிக்கடி துடைக்க வேண்டும்.

இடம் ஒரு நீண்ட அலமாரிப் பலகை மட்டுமா? வளைவே வேண்டாம். எச்ஓ-வில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் சிறு யார்டு கட்டுங்கள். அறை முழுக்க நீண்ட ரயில் ஓட வேண்டுமென்றால் 'என்'தான்.