போர் தண்ணீர், ஒகேனக்கல் தண்ணீர், ஆர்.ஓ., கேன்: எங்கள் ஊருக்கு எது சரி?

தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இப்போது நான்கு விதமாகத் தண்ணீர் கிடைக்கிறது. ஊராட்சி போர்வெல்லிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி வருவது ஒன்று. காவிரியிலிருந்து குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இன்னொன்று. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஆர்.ஓ. நிலையத்தில் காசு போட்டுப் பிடிக்கலாம். அதுவும் முடியாதவர்களுக்கு ஆட்டோவில் 20 லிட்டர் கேன் வருகிறது. எது நல்ல தண்ணீர் என்று கேட்டால் எல்லாரும் நாக்கை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். போர் தண்ணீர் உப்பு, ஆர்.ஓ. தண்ணீர் இனிப்பு, ஒகேனக்கல் தண்ணீரில் மருந்து வாடை. ஆனால் எங்கள் ஊருக்கு ஆபத்தான இரண்டும் நாக்குக்குத் தெரியாதவை: ஃபுளோரைடும் கிருமியும். அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்த நான்கையும் நான் எடை போடுகிறேன்.

போர் தண்ணீரில் ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் குழந்தைகளின் பல்லில் கறை விழும். ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே பிடிக்கும் கறை என்பதால் எத்தனை தேய்த்தாலும் போகாது. அளவு இன்னும் கூடினால் பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிவிடும். என் பெரியம்மா இன்றும் கேட்பார், "சுட வெச்சு ஆற வெச்சுதானே புள்ளைங்களுக்குக் குடுத்தேன், அப்புறம் எப்படிப் பல்லு இப்படி ஆச்சு?" என்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு. தினமும் சரியாக அளந்து கலக்கி, அடியில் தங்கும் சேற்றை அப்புறப்படுத்த வேண்டும். ஒரு வீட்டில் அதை வருடக்கணக்கில் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆர்.ஓ. இந்த வேலையைச் செய்யும். உள்ளே இருக்கும் மெம்பரேன் என்ற வடிகட்டிச் சவ்வு நன்றாக இருக்கும்வரை ஃபுளோரைடில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். அதனால் 'ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம்' என்று பொதுவாகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். ஒகேனக்கல் குழாய் எட்டாத ஊருக்கு இன்று அதுதான் வழி. ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்குப் பாதி கழிவாக வெளியே வரும். வடிகட்டிய ஃபுளோரைடு எல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைப் பக்கத்துக் குட்டையில் விட்டால் திரும்ப நிலத்துக்குள்தான் இறங்கும்.

இரண்டாவது சிக்கல் குளோரின். குளோரின் பட்டால் மெம்பரேன் கெட்டுவிடும் என்பதால் கார்பன் வடிகட்டியில் அதை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். வெளியே வரும் தண்ணீருக்குக் கிருமியை எதிர்க்கும் மருந்து எதுவும் மிச்சம் இருக்காது. சரியாகக் கழுவாத கேனில் பிடித்து, மூடி போடாமல் வைத்து, சொம்பைக் கையோடு உள்ளே விட்டால் கிருமி அதில் தாராளமாகப் பெருகும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வீடு வீடாக ஆர்.ஓ. விற்க வருபவர்கள் இரண்டு கம்பியைத் தண்ணீரில் வைத்துக் கரண்ட் கொடுத்துக் காட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தப் பழுப்பு கரைகிற இரும்புக் கம்பியிலிருந்து வருவது. தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்ட் பாய்கிறது, அவ்வளவுதான். கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும். ஃபுளோரைடையும் கிருமியையும் அது காட்டாது. அதில் எண் குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ.தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உரிம எண் இல்லாத கேனை வாங்கக் கூடாது. எங்கள் பக்கம் ஒரு கேன் 30 ரூபாய், இரண்டு நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 450 ரூபாய்.

இந்த விலைதான் என் முடிவைத் தீர்மானித்தது. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை யாரும் சமையலுக்கு எடுப்பதில்லை. குடிக்க ஆர்.ஓ., உலைக்குப் போர் தண்ணீர், இதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிறது. எங்கள் ஊர்க் களியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கிண்டுகிறோம்! அதோடு சோறு, குழம்பு, ரசம், டீ. கேனுக்குக் காசு கொடுத்துத் தவிர்த்த ஃபுளோரைடு களிப் பானை வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் சேர்த்துப் போதுமான அளவில், காசு பார்க்காமல் பிடிக்கக் கூடிய தண்ணீர் எது? குழாயில் வரும் காவிரித் தண்ணீர் மட்டும்தான்.

ஒகேனக்கல் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதுதான் அதன் நோக்கமே. இந்தத் தண்ணீருக்கு இரண்டு குறைகள் உண்டு, இரண்டும் ஊருக்குள் வந்தபிறகு ஏற்படுபவை.

முதல் குறை கலப்பு. காவிரித் தண்ணீர் குறைந்த நாளில் போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்பிவிடுகிறார்கள். போர் தண்ணீரில் 3 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 வரும். கடைசி வரம்பையும் தாண்டிவிட்டது. குழாயில் பிடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஒகேனக்கல் தண்ணீர் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுப்பார்.

இரண்டாவது குறை கிருமி. ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். நீண்ட தூரம் குழாயில் வந்து, தரைத்தொட்டியில் தங்கி, எங்கள் தொட்டிக்கு ஏறும்போது அந்தக் குளோரின் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்புறம் தெருக்குழாய். அழுத்தம் குறைவு என்று குழாயடியில் குழி தோண்டி, அதில் குடத்தை இறக்கிப் பிடிக்கிறோம். சப்ளை நின்றதும் காலியான குழாய் அந்தக் குழிச் சேற்றையும் சாக்கடைக் கசிவையும் உள்ளே இழுக்கும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் நிலை வந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் எவ்வளவு வேகமாக ஓர் ஊர் படுக்கும் என்பதை அப்போது பார்த்தோம். தொட்டி மூடிக்குப் பூட்டு வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம் வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது, பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இத்தனை இருந்தும் நான் இந்தத் தண்ணீரின் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் கிருமிக்கான மருந்து மலிவானது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் மொத்தம் 30 கிராம் குளோரின். புது பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று கணக்கு, ஆக 90 கிராம் போதும். ஆனால் மூட்டையைத் திறந்தே வைத்து ஈரம் ஏறினால் வீரியம் இறங்கிவிடும். அது 15 சதவீதத்துக்கு வந்திருந்தால் அதே வேலைக்கு 200 கிராம் வேண்டும். டேங்க் ஆபரேட்டர் அண்ணன் பழக்கத்தில் கைப்பிடிக் கணக்காகப் போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு தராசோ குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப்போ அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் கேட் வால்வைத் திறக்க வேண்டும். பிறகு குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்க வேண்டும். 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயில் பார்த்தால் போதாது, கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். அந்த மருந்து வாடையைத்தான் நாம் முகம் சுளித்து வேண்டாம் என்கிறோம். குடத்தில் பிடித்து, துணி கட்டிக் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை குறைந்துவிடும்.

ஆக, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், துணிக்கும் மாட்டுக்கும் போர் தண்ணீர், கூட்டுக் குடிநீர் நின்றுபோன நாட்களுக்கு மட்டும் ஆர்.ஓ. இதற்குப் போர் தண்ணீரைத் தனியாக ஏற்ற ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் தனிக் குழாயும் வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் இதைக் கேட்டு மனு கொடுக்கப் போகிறேன். கூடவே ஆபரேட்டர் அண்ணனுக்கு ஒரு தராசு, ஒரு குளோரோஸ்கோப். தொட்டி கழுவிய தேதியைத் தூணில் எழுதுகிறார்களே, அதற்குக் கீழே கடைசிக் குழாயின் குளோரின் அளவையும் தினமும் சாக்பீஸால் எழுதச் சொல்லிக் கேட்பேன். தண்ணீர் பிடிக்க வரும் யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுப் போகலாம்.